கையிலிருந்து ஊசியை வாங்கிவிடாதீர்கள்

மார்கழி முடிய இன்னும் சில நாள்களே உள்ளன. போகிக்காக வீட்டை ஒழிக்கும் வேலை பெரும்பாலான இல்லங்களில் இந்நேரம் தொடங்கியிருக்கும். பரணிலிருந்தும் டிரங்குப் பெட்டியிலிருந்தும் நைந்த புடவைகள், கிழிந்த வேட்டிகள், தையற்கடைக்காரர் ரவிக்கையோடு சேர்த்துக் கொடுத்த துண்டுத் துணிகள் எல்லாம் திண்ணைக்கு வந்து மூட்டையாகக் கிடக்கும். போகியன்று விடியற்காலையில் அவற்றில் ஒரு பகுதி தீயில் விழும். அந்த மூட்டையைப் பற்றியும், அதே வீட்டில் நோயுற்று உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கைகளைப் பற்றியும் இவ்விதழில் எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

புகையின் தீங்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பனிக்காலத்து விடியலில் புகை மேலே செல்லாமல் தரையை ஒட்டியே தங்கும். இன்றைய துணிகளில் பெரும்பகுதி பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை கலந்தவை. அவை எரியும் நெடி ஆஸ்துமா உள்ளவர்களை எவ்வளவு வருத்தும் என்பதை, இரவோடு இரவாக அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் குடும்பத்தார் அறிவார்கள். ஆனால் இன்று நாங்கள் பேச வருவது வேறொன்று. எரியப்போகும் அந்தத் துணியை எடுத்துத் தைக்கக்கூடிய கை பல வீடுகளில் சும்மா வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டாரின் அன்பும் மருத்துவர்களாகிய எங்களின் அவசரச் சொல்லும் சேர்ந்தே அதைச் சும்மா வைத்திருக்கின்றன.

ஓய்வு என்று எழுதிக் கொடுத்தோம்

எங்கள் மூட்டுநோய்ப் பிரிவுக்குத் திண்டிவனம் – மரக்காணம் சாலையிலுள்ள ஊர்களிலிருந்து பலர் வருகின்றனர். பெருமுக்கல் மலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்க்கை கைகளை நம்பி நடப்பது. மல்லாட்டை பறிப்பதும், நாற்று நடுவதும், கல் உடைப்பதும் கை செய்யும் வேலைகள். கைமூட்டு வீங்கினால் அன்றாட வருமானமும் நின்றுபோகும்.

அப்பக்கத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் வந்தார். அவருடைய இசைவைப் பெற்று, அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி எழுதுகிறோம். வயது ஐம்பதைக் கடந்தவர். காட்டு வேலை இல்லாத நாள்களில் மிதி இயந்திரத்தில் ரவிக்கை தைப்பவர். தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பழம்புடவையை மடித்து, மேலே வண்ணத் துண்டுகளை வைத்துத் தைத்த சிறு விரிப்பு ஒன்று அவர் வீட்டிலிருந்து போய்ச் சேரும். அதற்கு அவர் பணம் வாங்குவதில்லை.

அவருக்கு வந்திருந்தது முடக்குவாதம். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உள்ளுறையைத் தாக்குவதால் வரும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மருந்து தொடங்கினோம். சீட்டின் அடியில் ‘கைகளுக்கு முழு ஓய்வு’ என்று எழுதினோம். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. அன்று மாலையே மகன் தையல் இயந்திரத்தைச் சாக்குப் போட்டு மூடி உள்ளறையில் வைத்துவிட்டார். ஊசி, நூற்கண்டு, கத்தரிக்கோல் இருந்த தகர டப்பாவும் பரணுக்குப் போயிற்று.

ஆறு மாதம் கழித்து வந்தபோது வீக்கம் வடிந்திருந்தது. இரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. உடன் வந்த மருமகள் பெருமையோடு, “அத்தைய ஒரு துரும்பக்கூட எடுத்துப்போட வுடறதில்லீங்க ஐயா” என்றார். அம்மையார் சிரித்துக்கொண்டே, “மாத்திரைங்க எல்லாம் நல்லாத்தான் வேல செய்யுதுங்க. நாந்தான் ஒரு வேலையும் செய்யறதில்ல” என்றார். நாங்களும் சிரித்துவிட்டு அடுத்தவரை அழைத்தோம்.

அதற்கடுத்த முறை அவர் எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. நோய் ஏறியிருக்கவில்லை, வேறு நோய்க்கான தடயமும் இல்லை. உறக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றார். நிதானமாக உட்கார்ந்து கேட்டபோதுதான் சொன்னார்: தெருவில் அதற்குள் மூன்று குழந்தைகள் பிறந்துவிட்டன, ஒன்றுக்கும் அவர் துணி தைத்துக் கொடுக்கவில்லை. பிள்ளையைப் பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டார். வெறுங்கையோடு எப்படிப் போவது?

முடக்குவாத நோயாளிகளிடையே மனச்சோர்வு மிகப் பரவலானது என்பதை நாங்கள் படித்திருந்தோம். படித்திருந்தும் கேட்கவில்லை. மனநல மருத்துவரிடம் அவரை அனுப்பினோம்; மருந்தும் தேவைப்பட்டது. அத்துடன், ‘முழு ஓய்வு’ என்று எழுதிய அதே கையால் ‘நாள்தோறும் இருபது நிமிடம் தைக்கலாம்’ என்றும் எழுதினோம்.

அசைந்தால் கெட்டுவிடுமா?

மூட்டு வீங்கியவர்கள் அசையாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் இருந்தது. வீக்கமும் சூடும் மிகுந்த நாள்களில் ஓய்வு இன்றும் தேவைதான். ஆனால் நோய் மருந்துக்குக் கட்டுப்பட்ட பின்னும் கையைக் கட்டிவைத்தால் தசை மெலிகிறது; மூட்டு இறுகுகிறது; விரலின் பிடி தளர்கிறது.

பிரிட்டனில் 17 மருத்துவமனைகளைச் சேர்ந்த 490 முடக்குவாத நோயாளிகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2015ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. மருந்தோடு கைகளுக்கான நீட்டல், வலுவூட்டல் பயிற்சிகளையும் செய்தவர்களின் கைத்திறன், ஓராண்டு முடிவில், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தது. வலி கூடவுமில்லை. தையல் அந்தப் பயிற்சிக்கு ஈடு என்றோ, தைத்தால் நோய் குணமாகும் என்றோ நாங்கள் சொல்லவில்லை. மருந்தின் வேலையை மருந்துதான் செய்யும். பயிற்சிகளை எங்கள் உடலியக்க மருத்துவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். நோய் அடங்கியிருக்கும் கையை அளவோடு பயன்படுத்துவது அதைக் கெடுத்துவிடாது என்பதே நாம் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

துண்டுத் துணியின் பெருமை

ஒட்டுத் துணி என்றதும் வறுமையின் அடையாளம் என்று முகம் சுளிப்போர் உண்டு. அவர்கள் திருவிழாவன்று தேரை நிமிர்ந்து பார்க்கட்டும். தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளும் சீலைகளும் வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தவை. தஞ்சைப் பகுதியில் இது தலைமுறை தலைமுறையாக வரும் தொழில். வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கிக் காந்தா தைக்கின்றனர். மராட்டியத்தில் அதுவே கோதடி. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து முன்னொரு காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள். அவர்கள் தைக்கும் கவந்திப் போர்வை ஓரத்தில் தொடங்கி நடுவில் முடியும். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துண்டுகளைப் பூப்போல வைக்காமல் அதை முடிக்க மாட்டார்கள்.

துன்புற்ற காலத்தில் இந்தத் துண்டுகள் என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 26.12.2004 அன்று வந்த ஆழிப்பேரலை நம் கடற்கரை மீனவ ஊர்களையும் சிதைத்தது. அதன்பின் ஆரோவில்லிலுள்ள ‘உபாசனா’ என்னும் ஆடை வடிவமைப்பு நிலையம், உமா பிரஜாபதி அவர்களின் முயற்சியால், அந்த ஊர்களின் பெண்களைக் கூட்டி அமர்த்தியது. ஆடை தைத்ததில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டு கட்டைவிரல் அளவிலான சிறு பொம்மைகளைச் செய்யக் கற்றுக் கொடுத்தது. ‘சுனாமிகா’ என்பது அந்தப் பொம்மையின் பெயர். அதற்கு விலை கிடையாது. அன்பளிப்பாக மட்டுமே கொடுக்கப்பட்டது. நன்கொடைகளிலிருந்து பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. மனக்காயத்துக்கு மருந்தாகத் தொடங்கிய அந்த வேலை, நம் மாவட்டத்துக் கடற்கரைப் பெண்களின் கைவேலையை உலகின் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றது.

மருத்துவமனையோடு நேரடியாகத் தொடர்புடைய இன்னொரு நிகழ்ச்சி சிங்கப்பூரில் நடந்தது. 1942 பிப்ரவரியில் அந்நகரம் சப்பானியர் வசமானபின், அங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டன. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் வேறு பக்கம். கணவன் உயிரோடிருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவியைப் பற்றி அவனுக்கும் தெரியாது. மருத்துவமனையிலுள்ள காயமுற்றோருக்குப் போர்வை தைக்கிறோம் என்று பெண்கள் இசைவு பெற்றனர். எத்தல் மல்வேனி என்ற கனடியப் பெண்மணி அதற்கு முன்னின்றார். ஆளுக்கொரு சதுரத் துணியில் தன் பெயரையும் தன்னைப் பற்றிய ஏதேனும் ஒரு குறிப்பையும் ஒவ்வொரு பெண்ணும் தைத்தாள். இப்படி ஒவ்வொன்றிலும் 66 சதுரங்களோடு மூன்று போர்வைகள் உருவாயின. நோயாளி போர்த்திக்கொள்ளப் போன துணியில், ‘நான் இருக்கிறேன்’ என்ற செய்தியும் போயிற்று.

எங்கள் அம்மையார் தெருப் பிள்ளைகளுக்குத் தைத்து அனுப்பியதும் அதே செய்தியைத்தான் என்று இப்போது எண்ணுகிறோம்.

நியாயமான மறுப்புகள்

இக்கருத்தை எங்கள் பிரிவில் பேசியபோது செவிலியர் ஒருவர் கடுமையாக மறுத்தார். “வாழ்நாள் முழுதும் ஓயாமல் உழைத்த பெண்ணுக்கு நோய் வந்த பிறகாவது உட்காரும் உரிமை கிடைக்கிறது. அதையும் நீங்கள் பறிக்கிறீர்களா? டாக்டரே தைக்கச் சொன்னார் என்று ஊரார் துணியையெல்லாம் கொண்டுவந்து குவிக்க மாட்டார்களா?” என்றார். அவர் கேட்டது சரியே. நாங்கள் இன்னும் அதை மறக்கவில்லை.

எனவே தெளிவாகச் சொல்கிறோம். பிறர் சுமத்தும் வேலை வேறு. தானே விரும்பிக் கையிலெடுக்கும் வேலை வேறு. நோயாளி தைக்க விரும்பாவிட்டால் யாரும் வற்புறுத்தக் கூடாது. கூலிக்குத் தைக்கும் அவசர வேலை, நாள் குறித்துக் கேட்கும் வேலை இரண்டும் நோய்க்காலத்தில் வேண்டாம். அதற்காக அவர் விரும்பும் ஒரே வேலையையும் ‘உங்கள் நன்மைக்கே’ என்று பூட்டி வைப்பதும் நியாயமாகாது. ஒரே ஒரு கேள்வி போதும்: “அம்மா, உனக்கு எது செய்யப் பிடிக்கும்?”

ஆண்களுக்கு இது எதற்கு என்பது மற்றொரு மறுப்பு. நம் ஊர்களின் தையற்கடைகளில் ஆண்கள்தாமே பெரும்பாலும் அமர்ந்திருக்கிறார்கள்? எங்கள் காத்திருப்புக் கூடத்தில் மனைவியின் பரிசோதனை முடிவுக்காகக் கைப்பேசியைத் தேய்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் கணவரும் ஊசி பிடிக்கலாம். நோயாளியைப் பேணுவோரின் மனத்துக்கும் ஒரு பிடிமானம் வேண்டும்.

எதைத் தைக்கலாம்?

முதலில் எளிய போர்வை. ஐந்தரை மீட்டர்ப் பருத்திப் புடவையை மூன்றாக மடித்தால் ஏறக்குறைய ஆறடி நீளம் வரும். ஒருவர் போர்த்தப் போதும். நைந்த இடங்களின்மேல் வண்ணத் துண்டுகளை வைத்து, ஓரத்திலிருந்து வரிவரியாக ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே வரலாம். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிக்காமல் மடித்து வைத்து, மறுநாள் எடுக்கக்கூடிய வேலை என்பதே நோயாளிக்கு இதிலுள்ள வசதி.

அடுத்தது மருந்துப் பை. எழுத்துப் படிக்க இயலாத முதியோருக்கு இதைவிடப் பயனுள்ள பொங்கல் பரிசை நாங்கள் அறியோம். ஒரு நீளத் துணியில் காலைக்கு மஞ்சள், பகலுக்குப் பச்சை, இரவுக்கு நீலம் என மூன்று பைகளைத் தைத்து, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் வையுங்கள். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள் உண்ண வேண்டியது. தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. அதற்கென்று தனியாக ஒரு சிவப்புப் பை தைத்து, பித்தான் வைத்து மூடிவிடுங்கள். அந்தக் கிழமையன்று மட்டும் வீட்டிலுள்ள ஒருவர் திறக்கட்டும்.

சிறு தலையணைகளும் உதவும். வயிற்றிலோ மார்பிலோ அறுவை செய்துகொண்டவர்கள் இருமும்போது அதைக் காயத்தின்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி குறையும். மார்பக அறுவைக்குப் பின் அக்குளில் வைத்துக்கொள்ளவும் அது ஏற்றது. மறதி நோய் உள்ளவர்களுக்குப் பலவகைத் துணிகளையும், சிப், நாடா, பெரிய பித்தான்களையும் உறுதியாகத் தைத்த கையகலத் துணி ஒன்றைக் கொடுத்தால், ஓயாமல் எதையோ தேடும் கைகள் சற்று அமைதியடைவதைக் காணலாம்.

கவனிக்க வேண்டியவை

பழந்துணியை வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பின்னரே தைக்கக் கொடுங்கள். பெட்டியை உதறும் வேலையை நோயாளி செய்ய வேண்டாம், தூசு ஆகாது. காலையில் விரல்களை வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்திருந்து, இறுக்கம் தளர்ந்தபின் தொடங்கலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை நீட்டி மடக்க வேண்டும். துணி வெட்டும் வேலை கட்டைவிரல் மூட்டை வருத்தும். அதை வேறொருவர் செய்து கொடுங்கள். காது பெரிதான ஊசி, தடித்த நூல், பகல் வெளிச்சம் மூன்றும் அவசியம். வீக்கம் மிகுந்து மூட்டு சுடும் நாளில் தையலே வேண்டாம்.

நீண்டகாலச் சர்க்கரை நோயால் விரல்களில் உணர்வு குறைந்தவர்களுக்கு ஊசி குத்தியதே தெரியாது. அவர்கள் விரலுக்கு உலோகக் கவசம் அணிந்தே தைக்க வேண்டும். முடித்தபின் ஒருவர் விரல்களைப் பார்த்துவிட வேண்டும். புற்றுநோய்க்கான மருந்தேற்றத்தில் இருப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகள் அகற்றப்பட்டவர்கள், டயாலிசிசுக்காகக் கையில் இரத்தக்குழாய் இணைப்புச் செய்துகொண்டவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். எடுத்த ஊசிகளை எண்ணி, வைக்கும்போதும் எண்ணுங்கள்.

எங்கள் வேண்டுகோள்

இவ்வாண்டு போகிக்கு மூட்டை கட்டுமுன், வீட்டிலுள்ள நோயாளியின் முன் அதை ஒருமுறை அவிழ்த்துக் காட்டுங்கள். அவர் எடுத்து வைக்கும் துணிகளை அவரிடமே விட்டுவிடுங்கள். எடுத்து வைத்தவர் தைக்காமலும் இருக்கலாம். தம் திருமணப் புடவையின் ஒரு துண்டை மடியில் வைத்துக்கொண்டு பழைய கதைகளைச் சொல்லலாம். அதுவும் நல்லதே.

மருத்துவரிடம் வரும்போது, ‘என்ன சாப்பிடக் கூடாது’ என்று கேட்பது போலவே, ‘என்ன வேலை செய்யலாம்’ என்றும் கேளுங்கள். ஓய்வு என்று நாங்கள் எழுதினால், எத்தனை நாளைக்கு, எந்த வேலைக்கு என்று எழுதி வாங்குங்கள். அப்படிக் கேட்பதை நாங்கள் தவறாக எண்ண மாட்டோம். அன்றைக்கு அந்த மகனோ மருமகளோ கேட்டிருந்தால் எங்கள் பிழை அன்றே திருந்தியிருக்கும்.

அம்மையார் இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறார். விரல்கள் முழுதாக நேராகவில்லை. தையல் முன்போல் நேர்க்கோட்டில் செல்வதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். துணியை வெட்டித் தருவது இப்போது மருமகளின் பொறுப்பு. சென்ற மாதம் வந்தபோது இருவரும் சற்று விரைவாகவே புறப்பட்டுவிட்டார்கள். தெருவில் ஒரு பெண்ணுக்கு நாள் நெருங்கிவிட்டதாம். விரிப்பில் இன்னும் இரண்டு ஓரம் பாக்கியாம்.